கம்பவுண்டர் வந்த வெள்ளிக்கிழமை

கம்போசர் என்றால் கம்பவுண்டர் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அதாவது, ஊசி போடுகிறவர். அப்போது அரபு நாட்டில், சத்வா என்ற பகுதியில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது, விட்டு விட்டுக் காய்ச்சல்.

"நம்ம ஹோட்டல்ல வாசிக்கிற கம்போசர் மத்தியானம் சாப்பிட வர்றார்" என்று ஹோட்டலில் வேலை பார்த்த அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து லீவு நாளில் சாப்பிட வரும் சித்தப்பா நிரப்பினார்.

"கம்பவுண்டரேதான்டா. பெரிய ஊசியா கொண்டாரச் சொல்லிருக்கு."

வந்தவர் அமெரிக்கக் கறுப்பர். கதவு உயரம். அவர் நிறத்தைப் பார்த்தும் பயந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய். சித்தப்பாவும் ஏறக்குறைய அதே நிறம்தான். அவரைக் கண்டு ஒருநாளும் பயந்ததில்லை. வந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு நீளப்பெட்டியைத் திறந்து பித்தளைக் குழலை எடுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்தார், தள்ளினார். யானைக்குப் போடுகிற ஊசி. அலறிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினேன். அவர் அந்த டிராம்போனைச் சோபாவில் வைத்துவிட்டார்.

சாப்பிடும்போது அவர் பேசியதை அப்பா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஜாஸ் பிறந்த காலத்து வாசிப்பையும், முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த தாளத்தையும் சேர்த்து ஓர் இசை எழுதியிருக்கிறாராம். அதே ஆப்பிரிக்காவிலிருந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அஜ்மான் கடற்கரையில் மேளம் அடிக்கிறார்களாம். அவர்களோடு அதைச் சாயங்காலம் வாசிக்கப் போகிறார், விடிந்தால் ஃபிளைட். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: ஊசி சாயங்காலம்.

அவர்கள் கை கழுவப் போன நேரத்தில், வாய் வைத்து ஊதும் குமிழைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். முனை இல்லாத ஊசி எப்படிக் குத்தும்? அவ்வளவு மூளை.

கிளம்பும்போது தேட ஆரம்பித்தார்கள். அந்தப் பெரிய மனிதர் முட்டி போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, சோபாவுக்கு அடியில் பார்த்தார். நானும் பக்கத்தில் குப்புறப் படுத்துத் தேடினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"டேய், நீ எடுத்தியா?" என்றார் அப்பா.

"காய்ச்சல்ல கெடக்குற புள்ளைய ஏன் மெரட்டுறீங்க?" என்று அம்மா காப்பாற்றினார். சித்தப்பா மட்டும் யாரையும் பார்க்காமல் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலாஸ்" என்று முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார் விருந்தாளி. 'முடிந்தது' என்று அர்த்தம்; அவருக்குத் தெரிந்த ஒரே அரபுச் சொல் அதுவாக இருக்க வேண்டும். வேறு குமிழ் வாங்கலாமென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன.

அஜ்மானுக்கு அப்பா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். அலையோரம் மேளங்கள் தொடங்கின. அவர் கண்ணை மூடி, உள்ளங்கைகளை வாயருகே குவித்து, குழல் பேச வேண்டியதையெல்லாம் தொண்டையாலேயே பாடினார். மேளக்காரர்கள் அவரைச் சுற்றி ஆடினார்கள். பாதியிலேயே அவர் குரல் கம்மிவிட்டது. ஊசி இல்லாமல் தப்பித்தோமே என்று நான் பலமாகக் கைதட்டினேன்.

மறுநாள் அரிசி எடுக்கப் போன அம்மாவின் கையில் குமிழ் வந்தது. அதற்குள் ஃபிளைட் போய்விட்டிருந்தது. அப்பா அடிக்கவில்லை. அதைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பையனுக்குக் காய்ச்சல்னு நான்தான் அவர்கிட்ட சொல்லியிருந்தேன். உனக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டலாம்னுதான்டா பெட்டியத் தொறந்தாரு."