அருவி கலங்கிய நாள்

தென்காசிச் சந்தையில் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்த என் கணவரை ஒரு ஜவுளிக்கடைக்காரர் செருப்பால் அடித்தார். என் கணவர் மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை. அந்த ஆள் நாசமாகப் போகவேண்டும் என்று இரண்டு வருஷம் முழங்காலில் நின்று ஜெபித்தேன்.

ஒரு ஆடியில் குற்றாலம் போயிருந்தோம். திடீரென்று அருவித் தண்ணீர் செந்நிறமாகக் கலங்கியது. வெள்ளம் வரப்போகிறதென்று எல்லோரும் கரையேறினார்கள். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் கண்ணை மூடி நின்ற ஒருவர் மட்டும் கவனிக்கவில்லை. அந்தக் கடைக்காரர்தான். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று பேசாமல் நின்றேன்.

என் கணவர், “அண்ணாச்சி, வெள்ளம் வருது, வெளிய வாரும்” என்று கத்திக்கொண்டே ஓடி, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“அவன் போனா உங்களுக்கென்ன?” என்றேன்.

“நான் அவருக்கு இன்னும் சொல்லி முடிக்கலையே” என்றார்.

அன்று என் கணவருக்கு நான் சோறு போடவில்லை.