அண்ணன் வாங்கிய குட்டு

என் அண்ணன் ஒரு பொய்யன். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவனை மக்கு என்கிறார்கள். அதுவும் அவனே கிளப்பிவிட்ட பொய்தான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்களுக்கு நூம்பலில் நிலம், பள்ளிக்கூடம் பூந்தமல்லியில். அண்ணன் என்னைவிட மூத்தவன். அம்மை போட்டுப் படிப்பு நின்றுபோனதால் இருவரும் ஒரே வகுப்பில் இருந்தோம். நைனாவுக்குக் குனிந்து நிமிர முடியாமல் போனது. ஒருநாள் எங்களோடு பள்ளிக்கூடத்துக்கே வந்து வாத்தியாரிடம் சொன்னார்.

"ரெண்டு பேரும் இங்க வந்துட்டா மாட்ட யாருங்க ஓட்டுறது? எவன் மண்டையில ஏறுதோ அவன் இருக்கட்டும். இன்னொருத்தன இட்டுக்கினு போறேன்."

வாத்தியார் அங்கேயே தீர்ப்புச் சொல்லத் தயாரானார். அந்த வாரம் இங்கிலீஷில் செயப்பாட்டு வினை நடந்துகொண்டிருந்தது. "தி பாய் புரோக் தி பாட்" என்று கரும்பலகையில் எழுதி அண்ணனை மாற்றச் சொன்னார். பையன் உடைத்த பானையை முன்னால் கொண்டுவர வேண்டும். 'வாஸ்' போட்டு, வினையின் மூன்றாம் உருவத்தை எழுதி, பையனைப் 'பை' என்ற சொல்லோடு கடைசிக்குத் தள்ள வேண்டும். அவ்வளவுதான். அண்ணன் கரும்பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னேன்: "தி பாட் வாஸ் புரோக்கன் பை தி பாய்."

சரியாகச் சொன்னவன் சொல்லாதவன் தலையில் குட்ட வேண்டும் என்பது அந்த வகுப்பின் சட்டம். நான் குள்ளம், எட்டவில்லை. அண்ணனே குனிந்தான்.

"நல்லாக் குட்டுடா, வாத்தியாரு பாக்குறாரு" என்றான் மெதுவாக.

குட்டினேன். பையன்கள் சிரித்தார்கள். "வாடா மக்கு, உனுக்கு ஏருதான்" என்று நைனா அவனை இழுத்துக்கொண்டு போனார்.

அறுவடைக்கு முன்பு ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டினேன். எலிகள் அரிசியைத் தின்றிருந்தன என்பதைத் திருப்ப வேண்டும். வரவில்லை என்று அழுதேன். மடையை அடைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிராமலே சொன்னான்.

"'ஹேட்'டுக்குப் பின்னால 'பீன்' போடுடா. 'ஹேட் பீன் ஈட்டன்'."

"உனக்கு எப்படிண்ணா தெரியும்?"

"நீதான் ராவெல்லாம் கத்திக்கினு கீறியே, காதுல உய்ந்துச்சு."

நம்பிவிட்டேன். நான் வாய்க்குள்ளேயே படிக்கிறவன். ஒரு வரிகூட வாய்விட்டுப் படித்ததில்லை. அது அன்று எனக்கு உறைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு விளையாட ஓடினேன்.

நான் ரயில்வே ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் சேற்றிலேயே கிடந்து முதுகு வளைந்துபோனான். எந்த விசேஷம் என்றாலும் யாராவது அந்தக் குட்டுக் கதையை எடுப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். தனியாகக் கேட்டால், "அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குடா" என்று மாட்டைப் பார்க்கப் போய்விடுவான்.

வருகிற தையில் அவன் பேத்திக்குக் கல்யாணம். சொந்தம் முழுக்க வரும். தனியாகக் கேட்டது போதும். அண்ணா, பந்தலில் அத்தனை பேர் எதிரிலும் கேட்பேன். சிரித்து மழுப்பாதே. அன்று உனக்கு விடை தெரியுமா, தெரியாதா? எல்லாருக்கும் கேட்கும்படி சொல்.