இடது பக்கம் மாட்டிய மீட்டர்கள்

"அண்ணே, இன்னும் எத்தனை மீட்டர்தான் மாட்டுவீக?"

போன மாதம் ஒரு காலையில் காதர் இப்படிக் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, டீ கொதித்துவிட்டதா என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் டீ போடுவதும் நான்தான், மீட்டர் கேட்பதும் நான்தான்.

நியாயமான கேள்வி. என் பழைய காரைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே ஒன்றிரண்டு முறை புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ்காரன் செய்த சின்னக் கார். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தது. கம்பெனி பெயரை எழுதினால் 'விளம்பரமா?' என்று ஆசிரியர் கேட்பார், அதனால் விட்டுவிடுங்கள். பள்ளத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இந்த வருடம்தான் அதைத் தட்டி எழுப்பினேன்.

எஞ்சின் வேலை மதுரையில் முடிந்தது. பெயிண்ட் அடித்தாயிற்று. சீட் தைத்தாயிற்று. மிச்சம் இருந்தது வயரிங். அதற்குத்தான் காரைக்குடியிலிருந்து காதர் வந்தார். ஷார்ஜாவில் ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எதைப் பேசினாலும் 'ஷார்ஜாவுல என்ன செய்வோம்னா...' என்றுதான் ஆரம்பிப்பார். என் காருக்கு ரிவர்ஸ் கேமரா வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் மாட்டேன் என்று சொன்னதை இன்னும் அவர் மன்னிக்கவில்லை.

அந்தக் காலத்துக் கார்களின் டேஷ்போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு ஸ்பீடாமீட்டர். அதற்குள்ளேயே பெட்ரோலுக்கு ஒரு முள். சார்ஜ் ஏறவில்லை என்றால் எரிய ஒரு லைட், ஆயில் பிரஷர் போய்விட்டால் எரிய ஒரு லைட். தீர்ந்தது. எஞ்சின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று சொல்ல எதுவும் கிடையாது. பானெட்டிலிருந்து ஆவி வந்தால் நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆயில் லைட் எரிகிறதா... எஞ்சினுக்குப் பால் தெளிக்கிற நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதனால்தான் கூடுதலாக மூன்று மீட்டர் வாங்கினேன். ஆயில் பிரஷருக்கு ஒன்று. சூட்டுக்கு ஒன்று. பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்ட ஒன்று. பழைய கார் வைத்திருக்கிற பலரும் செய்கிற காரியம்தான். மூன்றும் மாட்டி முடிந்த அன்று, எஞ்சின் காற்றை எப்படி இழுக்கிறது என்று காட்டுகிற வேக்குவம் மீட்டர் ஒன்றும் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அப்போதுதான் காதர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்ன பதில் சொல்வது? வேலை முடிந்துவிட்டால் காதர் வரமாட்டார். காதர் வராவிட்டால் காலையில் இரண்டு டம்ளர் டீ போட வேண்டிய அவசியம் இருக்காது. ஒரு டம்ளர் டீ போடுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும். பால் எப்போதும் மிஞ்சும். இதையெல்லாம் வேலைக்கு வந்த மனுஷரிடம் சொல்ல முடியுமா? 'சும்மா கேட்டேன்' என்று சமாளித்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வேலை முடிந்துவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போயாக வேண்டும். எங்கே என்பதும் முடிவாகியிருந்தது. இளையாத்தங்குடி... எங்கள் கோயில். அபிஷேகம் ஒன்று வருகிறது, புள்ளிகள் எல்லாம் தவறாமல் வந்துவிட வேண்டும் என்று தகவல் வந்திருந்தது.

வெளியூர் வாசகர்களுக்குப் புள்ளி என்றால் தெரியாது. எங்கள் சமூகத்தில் கல்யாணமான ஆணும் அவன் மனைவியும் சேர்ந்து கோயிலுக்கு ஒரு புள்ளி. இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால், மிச்சம் இருப்பவர் அரைப் புள்ளி. யாரும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்வதில்லை, வழிவழியாக வந்த கணக்கு அது. உமையாள் போன பிறகு நான் அந்தக் கோயில் பக்கமே போகவில்லை. முழுதாகப் போய்வந்த இடத்தில் அரையாகப் போய் நிற்கப் பயம். வேறொன்றுமில்லை.

உமையாள் என் மனைவி. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுத் தருகிறேன் என்றபோது, 'ரெண்டு பேரும் ஓட்டுனா வண்டியை யாரு கவனிக்கிறது?' என்று சொல்லிவிட்டாள். அந்தக் காரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். இடது சீட்டில் உட்கார்ந்து சீடையோ முறுக்கோ தின்றுகொண்டு வருவாள். திடீரென்று மெல்லுவதை நிறுத்துவாள். ஏதோ காயுற வாடை வருது, ஓரமா நிப்பாட்டுங்க என்பாள். எனக்கு ஒரு வாடையும் வராது. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும்.

ஒருமுறை திருப்பத்தூர் ரோட்டில், சத்தம் மாறிவிட்டது என்றாள். மாறவில்லை என்றேன். "சொல்லச் சொல்லக் கேக்காமப் போறீகளே" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஃபேன் பெல்ட் அறுந்தது. அதற்குப் பிறகு அவள் மெல்லுவதை நிறுத்தினாலே என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். அவள் ஒருத்தி பார்த்த வேலைக்குத்தான் இப்போது மூன்று மீட்டர் தேவைப்பட்டது. நாலாவதும் வேண்டியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, எங்கே மாட்டுவது? ஒரிஜினல் தகரத்தில் ஓட்டை போட மனசு வரவில்லை. பழைய கார்க்காரர்களிடம் அது பஞ்சமாபாதகத்தில் ஒன்று. இடது சீட்டுக்கு முன்னால், சில்லறைச் சாமான் வைக்கிற சின்னப் பெட்டிக்கு ஒரு மூடி உண்டு. அதைக் கழற்றிவிட்டு, அதே அளவில் ஒரு பலகை செய்து, அதில் மூன்றையும் பதித்துவிடலாம் என்று தீர்மானித்தேன். காரைக்குடிப் பழைய சாமான் கடையில் பர்மாத் தேக்குக் கதவுத் துண்டு ஒன்று அகப்பட்டது. இங்குட்டா போடப் போறீக என்று காதர் ஒரு தடவை கேட்டார். அங்குட்டுத்தான் என்றேன், பெரிய நிபுணர் மாதிரி. வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் இருக்கப் பலகையைக் கொஞ்சம் சாய்க்கவும் சொன்னேன். அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது. படம் எடுத்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அனுப்பினேன்.

பிறகு தினமும் சோதனை. காதர் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து எஞ்சினை முறுக்குவார். நான் இடது சீட்டில் உட்கார்ந்து, முள் எங்கே நிற்கிறது என்று சத்தமாகச் சொல்வேன். ஆயில் நாற்பது. சூடு நூற்று எழுபது... அந்தக் காலத்து ஃபாரன்ஹீட் கணக்கு, பயந்துவிடாதீர்கள். ஒருநாள் ஆயில் குழாயின் மூட்டு விட்டுப்போய், வேட்டியில் சூடாக ஒழுகியது. துள்ளிக் குதித்தேன். காதர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அந்த வாரங்கள் சந்தோஷமாகத்தான் போயின.

போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

டல்லாஸில் இருக்கிற என் மகன், ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். மாட்டேன் என்றேன். 'வாட்சையாவது கழட்டாமப் போங்க' என்றான். அவன் வாங்கி அனுப்பிய வாட்ச். என் நாடி, நடை, தூக்கம் எல்லாம் அங்கே அவன் போனில் தெரியும். காருக்கு நான் மாட்டியது மூன்று. எனக்கு அவன் மாட்டியது எத்தனை என்று எனக்கே தெரியாது.

காரைக்குடி தாண்டி, கோவிலூரும் தாண்டியாயிற்று. வண்டி அமைதியாகப் போனது. சூடு எவ்வளவு என்று பார்ப்போமே என்று இடது பக்கம் திரும்பினேன். மூன்று மீட்டர் கண்ணாடியிலும் வானம்தான் தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். முள்ளைக் காணோம். இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன்... வண்டி ரோட்டை விட்டு இறங்கப் பார்த்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனாலேயே என்னைத் திட்டிவிட்டுப் போனார். ஓரமாக நிறுத்தினேன்.

அப்போதுதான் உறைத்தது. பலகை இடது சீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அளவு பார்த்தது, சாய்வு பார்த்தது, முள் பார்த்தது எல்லாமே நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து செய்த வேலை. ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு தடவைகூட இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? இந்த வண்டியில் எச்சரிக்கை எப்போதும் இடது பக்கத்திலிருந்துதான் வரும். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும், பார்த்துச் சொல்லும். மூன்று வருடம் ஆன பிறகும் என் மூளை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். சுற்றிப்போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஆயில் சரி. சூடு சரி. கரண்டும் சரி. 'எல்லாம் சரியா இருக்கு' என்று பழக்கதோஷத்தில் சத்தமாகச் சொன்னேன். ஸ்டியரிங் பக்கம் யாரும் இல்லை.

அழுதேன். இந்த வயதில், ரோட்டோரத்தில், லாரிகளும் பைக்குகளும் போய்க்கொண்டிருக்க, வெட்கமில்லாமல் அழுதேன். அவள் போனபோது வீடு நிறைய ஜனம் இருந்தது, அப்போதுகூட இப்படி அழவில்லை.

போன் அடித்தது. மகன்தான். "அப்பச்சி, பல்ஸ் கூடக் காட்டுதே, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லப்பா. மீட்டரப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பொய் சொல்லவில்லை, பார்த்தீர்களா? பையன் நல்லவன். பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு நாடி ஏறியதைக் கண்டுபிடித்துவிட்டான். ஏன் ஏறியது என்று அந்த வாட்சால் அவனுக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இதுதான். அப்பாவுக்கு வாட்ச், கூடத்தில் கேமரா, வாசலில் இன்னொரு கேமரா. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களால் முடிந்தது அது. ஆனால் மீட்டர் முள்ளைத்தான் காட்டும்... காயுற வாடை பக்கத்தில் இருக்கிற மூக்குக்குத்தான் வரும்.

முகத்தைக் கழுவிக்கொண்டேன். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. திரும்பவில்லை. மீட்டரைப் பார்க்காமலே இளையாத்தங்குடி வரை ஓட்டினேன்.

கோயில் வாசலில் பங்காளி ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பம்பரைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஒத்தையாவா வந்தீக?" என்று கேட்டார். மூன்று வருடமாக நான் பயந்துகிடந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

"ஆமா, ஒத்தையாத்தான்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் அடுத்து மைலேஜ் எவ்வளவு என்று கேட்டார். அபிஷேகம் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்தேன். அரைப் புள்ளிக்கும் முழு இலைதான் போட்டார்கள்.

மறுநாள் காதரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மனுஷர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நான் டிரைவர் சீட்டுலதானண்ணே இருந்தேன்... எனக்கும் தோணலையே. பக்கத்துல இருந்து நீகதான் சொல்லிக்கிட்டே இருந்தீகள்ல, நான் எதுக்குப் பாக்கப் போறேன்?"

இத்தனை வருடமாக நான் கார் ஓட்டிய லட்சணமும் அதுதானே. டீயை ஆற்றி அவரிடம் நீட்டினேன்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பட்டை போட்டுத் தொங்கவிட்டால் நேராகத் தெரியும், ஓட்டையும் போட வேண்டாம் என்றார். மாத்திரவா என்று இரண்டு தடவை கேட்டார். மாற்றச் சொல்லிவிட்டேன். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். இடது பக்கப் பெட்டிக்குப் பழைய மூடியையே திரும்பப் போட்டார். வேக்குவம் மீட்டரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது மூன்று முள்ளும் என் கண்ணுக்கு நேராக நிற்கின்றன. பகலில் பளிச்சென்று தெரிகிறது, தலையைச் சாய்க்கவே வேண்டாம்.

இனி இடது பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு வேலையும் இல்லை.