இடுப்புக் கயிறு

போன வாரம் என் மகளைச் சேர்ப்பதற்காக ஒரு குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்கப் போயிருந்தோம். காரைக்காலிலும் இப்போது அந்த மாதிரி இடங்கள் வந்துவிட்டன. மூலைக்கு மூலை கேமரா, வேலை பார்த்துக்கொண்டே செல்போனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடத்துகிற பெண்மணி பெருமையாகச் சொன்னார். என் கணவர் சாப்பாடு, தூக்கம், கொசுவலை என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் ஒரு பச்சை நைலான் கயிறு நினைவுக்கு வந்தது.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பாவுக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. எங்கள் ஊர் அரசு ஊழியருக்கு மாற்றல் என்றால் பக்கத்து ஊர் கிடையாது. புதுச்சேரி தப்பினால் ஆந்திரக் கரை, இல்லாவிட்டால் கேரளக் கரை. அம்மாவும் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். பரீட்சை எழுதி வாங்கிய வேலை, அவளுக்கு அது உயிர். பள்ளிக்கூடம் நடக்கிறவரை எப்படியோ சமாளித்தாள். கோடை விடுமுறை விட்டதும் என்னை எங்கே விடுவது என்று தெரியாமல் திண்டாடினாள்.

அம்பகரத்தூரில் இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, அதற்கு ஒரே ஒரு வழிதான் சொன்னாள். வேலையை விட்டுவிடு. அத்தை கெட்டவள் இல்லை. வரும்போதெல்லாம் எனக்கு அதிரசம் கொண்டுவருவாள். ஆனால் தாய் கையில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்று அவள் சொல்லத் தொடங்கினால் அம்மா பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள்.

வழி வாசலிலேயே வந்து நின்றது. எங்கள் தெருவுக்குக் காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா அப்போது கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூடம் மூடுகிற அதே சமயத்தில் கடலையும் மூடிவிடுகிறார்கள் என்பது அதுவரை அம்மாவுக்குத் தோன்றவே இல்லை.

"எங்க வூட்டுக்காரரு சும்மாதானக்கா கெடக்காரு. எம் பொண்ணையும் அவருதான் பாத்துக்குறாரு. இதையும் கொண்டாந்து விடுங்க."

"ஆம்பள ஆளு பாத்துக்குவாராம்மா?"

"என்னைய விட நல்லாப் பாப்பாரு."

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதற்கப்புறம் அப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார் என்பதுதான். மீன்கார அக்காவின் வீடு கடலைவிட்டுத் தள்ளிப் புதிதாகக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அம்மா சம்மதித்தாள். வீட்டுச் சுவரில் சீருடை போட்ட ஒரு பையனின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தார்கள். அவன் முதல் மார்க் வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, படிப்பில் சுமாரான நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்துகொள்வேன்.

மாமா என்றுதான் அவரைக் கூப்பிட்டேன். பெரிய உருவம், சின்னக் குரல். வீடு தள்ளி இருந்தாலும் வலை கரையில் இருந்தது. தடைக்காலத்தில்தான் கிழிந்த வலையை எல்லாம் சரிபார்க்க முடியும். அதனால் தினமும் எங்களையும் கரைக்குக் கூட்டிப்போவார். படகு நிழலில் உட்கார்ந்ததும் முதல் வேலை கயிறு கட்டுவதுதான். தன் பெண்ணின் இடுப்பில் ஒரு சுருக்கு, என் இடுப்பில் ஒரு சுருக்கு, மறுமுனை அவருடைய இடுப்பில். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் நாங்களும் ரயில் பெட்டி மாதிரி பின்னாலேயே போவோம். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

கூட இருந்தவர்கள் அவரைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

"என்னய்யா, இந்த வருசம் புள்ள மேய்க்கிறியா?"

"ரெண்டும் விலாங்கு. விட்டா நழுவிடும்" என்பார் தலையை நிமிர்த்தாமல்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அம்மாவின் அலுவலகத்தில் அரைநாள் விடுமுறை. அன்று பார்த்துதானா அத்தையும் ஊரிலிருந்து வர வேண்டும். பிள்ளை இருக்கிற இடத்தை நானும் பார்க்கிறேன் என்று அம்மாவோடு கிளம்பி வந்துவிட்டாள். வீட்டில் யாரும் இல்லை. யாரோ கையைக் காட்ட, இருவரும் கரைக்கு வந்தார்கள்.

"மாட்டக் கட்டுற மாதிரில்ல கட்டிப்போட்டிருக்கான்" என்றாள் அத்தை.

அம்மா கிட்டே வந்தாள். கடலைப் பார்த்தாள், என் இடுப்பைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள். மாமா எழுந்து நின்றார். என் சுருக்கு மணலில் கிடந்தது. அவருடைய பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தைதான் பேசினாள். வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை. நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வா, பெற்றவள் கையில் இருக்க வேண்டிய பிள்ளை என்றாள். அம்மா பாத்திரம் தேய்க்கக்கூடப் போகவில்லை. சரி என்று தலையாட்டினாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சாயங்காலம் மீன்கார அக்கா வந்தாள். கூடை இல்லாமல் அவளைப் பார்க்க யாரோ போல இருந்தது. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. கரையில இருக்கறப்ப எம் பொண்ணையும் அவரு கயிறு கட்டாம விடமாட்டாரு. சுனாமி வந்த அன்னிக்கி அவரு கடலுக்குப் போயிருந்தாரு. நான் வூட்டுலதான் இருந்தேன்." நிலைப்படியிலிருந்து கையை எடுத்தாள். "பெரியவன் எங் கையிலதான்க்கா இருந்தான். இந்தக் கையாலதான் புடிச்சிருந்தேன்."

கையை விரித்துக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

பிறகு அத்தைதான் எழுந்துபோய் அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். தானே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வேலையை விடுகிற பேச்சை அன்று மட்டும் அல்ல, அதற்குப் பிறகும் அவள் எடுக்கவே இல்லை. மறுநாள் காலையில் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, "கயித்த அவுத்துவுடச் சொல்லி அங்க அழுவாத" என்று மட்டும் சொன்னாள்.

அம்மாதான் என்னைக் கரைக்குக் கூட்டிப்போனாள். எங்களைக் கண்டதும் மாமா எழுந்தார். கயிற்றை எடுக்க அவர் கை போகவில்லை. அம்மா குனிந்து, மணலில் கிடந்த சுருக்கை எடுத்து, அவளே என் இடுப்பில் மாட்டினாள். முடிச்சை இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். அவள் ஏன் இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ் போய்விடப் போகிறதே, அலுவலகத்தில் திட்டு வாங்கப்போகிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது.

"போதும்மா, நேரமாச்சு" என்றேன்.