ஷஹாபுதீன் தந்த பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நாலேமுக்கால் ஆனால், அப்பா கையில் இருப்பதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து கரை பத்து எட்டுத்தான். கரையேற்றிய படகின் நிழலில், முழங்கால்களில் கைகளை வைத்து, கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்காருவார். ஆறாம் வகுப்பில் இதைக் கவனிக்கத் தொடங்கினேன். என் கல்லூரியின் கடைசி வருடம் வரை ஒரு வாரமும் தவறியதில்லை.

“என்னா அய்யப்பா, சாமியாராயிட்டியா? தாடியக் காணோமே!” என்று வலை தைக்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

“காதுல மெஷின் ஓடிக்கினே இருக்குதுடா. அது நிக்கட்டும், இரு” என்பார்.

சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பாட்டில் மூடி செய்யும் மெஷினில் அப்பாவுக்கு வேலை. பக்கத்து மெஷின் ஷஹாபுதீன் மாமாவுடையது. நாலரைக்கு மாமா தொழப் போனால், அப்பா இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொழுதுவிட்டுத் திரும்பிய மாமா, “இப்ப நீ போ அய்யப்பா, உனக்கும் பத்து நிமிஷம்” என்றாராம்.

“நான் போயி என்னா பண்றது பாய்?”

“சும்மா குந்து. ரெண்டையும் நான் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து அப்பா தினமும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பதினோரு வருடம் இது நடந்தது. சூப்பர்வைசருக்கு மாமாவின் தொழுகை தெரியும். அப்பா உட்காருவது தெரியாது.

நான் பி.காம். கடைசி வருடம் படித்தபோது ஒரு புதன்கிழமை, அப்பா தொட்டிக்குப் பின்னால் இருந்த நேரத்தில், அவருடைய மெஷினின் அச்சில் மூடி சிக்கியது. மாமா ஓடி வருவதற்குள் அச்சு உடைந்துவிட்டது. அப்பாவும் ஓடி வந்து நின்றார். சூப்பர்வைசர் வந்து, அந்த நேரத்தில் யார் இடத்தில் இல்லை என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டார்.

“நான்தான் சார். தொழப் போனவன் லேட்டாயிட்டேன். அய்யப்பன் ஒத்த ஆளா ரெண்டையும் பாத்தாரு.”

தொழுகை என்றால் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், சும்மா உட்கார்ந்ததை விடமாட்டார்கள் என்று மாமா நினைத்திருந்தார். அது நடக்கவில்லை. அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு, சனிக்கிழமை மேனேஜர் விசாரிப்பார் என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. “நான் போயி உண்மையச் சொன்னா பாய் வேலை தப்பிச்சிடும். என்னுது போயிடும்” என்றார்.

“பொண்ணுக்குப் பரீட்சை வருது. இப்பவா சொல்லணும்?” என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். ‘போய்ச் சொல்லுப்பா’ என்று என் வாயில் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நான் அன்று படித்துக்கொண்டிருந்தேனா, ஒளிந்துகொண்டிருந்தேனா என்று இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை.

சனிக்கிழமை அப்பா மேனேஜரிடம், “பாய் சொன்னதுதான் சார்” என்று சொல்லிவிட்டு வந்தார். மாமாவுக்கு வேலை போயிற்று. வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு அப்பா எங்கேயும் கண்ணை மூடி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஞாயிறு நாலேமுக்கால் ஆகும்போது சைக்கிளைத் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார்.

போன மாசியில் அப்பா மாரடைப்பில் இறந்தார். மாமா வந்தார். ஐஸ் பெட்டியின் மேல் குனிந்து, “ஏன்டா, இப்ப மட்டும் எவ்ளோ நேரம் வேணா படுத்துக்கினு இருப்பியா?” என்றார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன்.

“மாமா, அந்த மேனேஜர்கிட்ட நான் போயி உண்மையச் சொல்லட்டுமா?”

“எதுக்கும்மா? வேலையத் திருப்பித் தரப் போறானா?”

“உங்க பேர்ல அது இருக்கக் கூடாது.”

“பொய் நான் சொன்னதுதான் அபி. அதுக்கு உங்கப்பன் மேல கோவம் இல்ல. ஆனா, பாய் தொழப் போனதாலதான் அச்சு ஒடஞ்சிச்சின்னு இன்னைக்கும் அங்க பேசறாங்க. அதான் உறுத்துது. சரி, நீ அன்னைக்கு அங்க இருந்தியா?”

“இல்ல.”

“தொட்டிக்குப் பின்னால இருந்தவன் ஒருத்தன்தான். அவன் சொல்லியிருக்கணும்.”

சவாரி ஒன்று வந்தது. மாமா ஏற்றிக்கொண்டு போனார்.

அப்பா அதைச் சொல்லாமலே போய்விட்டார்.