தலைகீழாய் நின்ற அம்பு

அலுவலகத்தில் அவளுக்கு அம்பக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பெரிய கட்டடங்களுக்கு வெந்நீர்க் கொதிகலன் செய்யும் கம்பெனி அது. பழுதுபார்ப்பவர்கள் இணையத்தில் திறந்து படிக்கிற கையேட்டுக்குப் படம் போடுவது அவள் வேலை. எது முடிந்து எது தொடங்கும் என்று பெட்டி பெட்டியாய் வரைந்து அம்புகளால் இணைப்பாள். பதினோரு வருஷமாக அவளைக் கேட்காமல் அதில் ஓர் அம்பு அசைந்ததில்லை. ஒரு சொல்லை மாற்றவேண்டும் என்றாலும் பொறியாளர்கள் அவள் மேசைக்கு வந்து நிற்கவேண்டும். "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு களை வருமே, ராணி தோற்றாள்!

ஓரகத்தியை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். கொழுந்தன் மனைவி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று இரக்கப்பட்டாள். எழுத்துப்பிழை திருத்திக்கொண்டு ஓரமாய் இருப்பாள் என்று நினைத்தாள். யார் ஓரமாய் இருக்கிறார்கள் இந்தக் காலத்தில்?

மூன்றாம் மாதமே ஓரகத்தி ஒரு வேலை செய்தாள். கையேட்டுப் பக்கத்துக்குள்ளேயே ஒரு பெட்டியின் பெயர், இரண்டு கோடு, ஒரு கூர்முனை, அடுத்த பெட்டியின் பெயர் என்று வரிவரியாகத் தட்டினாள். பக்கம் அதைப் படித்துத் தானே படமாக வரைந்துகொண்டது. சொல்லை மாற்றினால் படமும் மாறியது. பொறியாளர்கள் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து திருத்திக்கொண்டார்கள். அம்பக்காவின் பழைய படங்கள் நாற்பதையும் பார்த்துப் பார்த்து எழுத்தாக்கினாள். அம்பக்காவின் மேசைக்கு வருகிற கூட்டம் நின்றது.

வயிறு எரிந்தது. பற்றி எரிந்தது என்றே சொல்லலாம்.

வீட்டிலாவது ஆறுதல் உண்டா? "உன்னாலதானே அவளுக்கு வேல கெடச்சுது, உனக்குத்தானே பெரும?" என்றார் கணவர். அன்று அவருக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

இதற்கிடையில் மேலாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கையேட்டுப் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் வேண்டுமாம், திங்கட்கிழமை கூட்டத்தில் சொல்வாராம். இருப்பது இரண்டே பேர். தன் கையால் கூட்டிவந்தவளிடம் இனி விடுப்புக்குக் கையெழுத்து வாங்கவேண்டுமா?

ஓரகத்தி எழுத்தாக்கிய அந்த நாற்பது படங்களிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடினாள். முப்பத்தோராவதில் கிடைத்தது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் கொதிகலன் முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், பிறகுதான் சூடேற்றவேண்டும். படத்தில் அம்பு தலைகீழ். தண்ணீரில்லாமல் சூடேறினால் கம்பிச்சுருள் கருகிப்போகும். அம்பக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நாற்காலியில்தான் ஓரகத்தி இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் பழைய படத்தைத் திறந்து ஒப்பிட்டிருக்கலாம். இரண்டும் அவளுக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமைக்காக வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். "இதப் பாத்து எவனாவது வேல செஞ்சா என்ன ஆகும் சார்?"

"எழுதினத தெறம்மா" என்றார் மேலாளர் ஓரகத்தியிடம். அவர் கைப்பேசி அடித்தது. அவர் அதை எடுத்துப் பேசும்போதே பெரிய திரையில் படத்துக்குப் பின்னாலிருந்த வரிகள் விரிந்தன. நடுவில் சதவீதக் குறி இரண்டைப் போட்டுத் தொடங்கிய ஒரு வரி. அப்படித் தொடங்கும் வரி படத்தில் வராது, எழுதுகிறவர் தமக்கென்று வைத்துக்கொள்ளும் குறிப்பு. மற்றவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அம்பக்கா படித்தாள்:

'இந்த அம்பு தலைகீழா இருக்கோன்னு சந்தேகம். ஆனா அக்கா படத்துல இப்படித்தான் இருக்கு. அக்கா தப்பு பண்ண மாட்டாங்க.'

அடுத்த நொடி அந்த வரி இல்லை. ஓரகத்தி அழித்துவிட்டு அம்பைத் திருப்பியிருந்தாள்.

"நான்தான் சார் தப்பா அடிச்சிட்டேன். மாத்திட்டேன்."

மேலாளர் கைப்பேசியை வைத்தார். "அனுபவம்னா இதுதான்" என்று அம்பக்காவைப் பார்த்துச் சொன்னார். பொறுப்பு அவளுக்கே என்றார். எல்லாரும் கை தட்டினார்கள், ஓரகத்தி எல்லாரையும்விடப் பலமாக. அம்பக்கா வாயைத் திறந்தாள், நன்றி என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் ஓரகத்தி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நான் அழிச்ச வரிய நீங்க பாத்தீங்களா?"

"எந்த வரி?"

ஓரகத்தி அவளை ஒருமுறை பார்த்தாள். "ஒண்ணுமில்லக்கா" என்று சிரித்துவிட்டு, அவள் மடியிலிருந்த கனமான பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இவ்வளவு நல்லவளாக இருக்க இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அம்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.