கடைசியா யாரு சாவி குடுத்தது?

இன்னிக்கு காலைல ஆர்.கே.பேட்டையில இருந்து ஒரு அம்மா, கிராமபோன் பெட்டிய டவுன் பஸ்ல மடியில வெச்சிகினே திருத்தணியில இருக்கற என் ரிப்பேர் கடைக்கு வந்தாங்க.

"பாதி பாட்டுல நின்னுபோச்சுங்க. நாலு வருஷமா அப்படியே கெடக்குது."

தொறந்து பாத்தேன். கிரீஸ் கல்லு மாதிரி இறுகியிருந்துது. சாவி குடுத்த ஸ்பிரிங்கு, முறுக்கு எறங்காம அப்படியே நின்னுகினு இருந்துது. முறுக்கோட கழட்டினா கையப் பதம் பாத்துடும். மொதல்ல அத எறக்கிடறது என் பழக்கம்.

மண்ணெண்ணெய் விட்டு மெதுவா தட்டினேன். ரெக்கார்டு வெக்கற தட்டு விறுவிறுன்னு சுத்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல.

"பாருங்கம்மா, ஓடுது."

அந்தம்மா தட்டு மேல கைய வெச்சி நிறுத்தப் பாத்தாங்க. அதுக்குள்ள முறுக்கு தீந்து தானாவே நின்னுடுச்சு.

"அவரு குடுத்த சாவிங்க அது. நின்னுபோச்சே, நாளைக்கு திருத்தணி எடுத்துகினு போறேன்னாரு எங்க வூட்டுக்காரு. மறுநாள் அவரே இல்ல."

பையில இருந்து ஒரு ரெக்கார்ட எடுத்தாங்க. பழைய புடவைத் துணியில சுத்தியிருந்துது.

"மீதிப் பாட்ட அந்தச் சாவியிலயே கேக்கலாம்னு இருந்தேன்."

நான் வெறும் தட்ட சுத்த விட்டு அந்தச் சாவியத் தீத்துட்டேன்.

கிரீஸ் மாத்தி, நானே சாவி குடுத்து அந்தப் பாட்டப் போட்டேன். முழுசா கேட்டாங்க. "நல்லா பாடுதுங்க"ன்னு சொல்லிட்டு பெட்டிய தூக்கிகினு போயிட்டாங்க.

இத்தினி வருஷமா வர்றவங்ககிட்ட என்ன கோளாறுன்னு மட்டும்தான் கேக்கறேன். கடைசியா யாரு சாவி குடுத்தாங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

நீங்களா இருந்தா கேட்டிருப்பீங்களா? சும்மா ஆறுதலுக்குன்னாலும் இல்லன்னு சொல்லுங்க.